மதாம் கெர்லோவுடன் லண்டனில் மூன்று நாள்

1993 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கலே துறைமுகத்துக்குப் போகும் வண்டியின் பெட்டி வாசலில் மதாம் கெர்லோ எனக்காகக் காத்திருந்தார். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் பின்னால் இரண்டு உதவியாளர்களாவது நிற்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அவரோ தனியாக நின்றார். தோளில் ஒரு பழைய தோல்பை, கையில் காகிதம் சுற்றிய இரண்டு ரொட்டிகள். அதில் ஒன்றை என்னிடம் நீட்டி, "வண்டியில் விற்பதைச் சாப்பிட முடியாது, முசியே" என்றார். எங்கள் முதல் பேச்சு அதுதான்.

நான் புதுச்சேரிக்காரன். ஊரில் பிரெஞ்சு ஆசிரியர் வேலை. ஒரு வருட விடுப்பில் பாரிஸில் பெரியப்பா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். இலங்கைத் தமிழர்களின் அகதி வழக்குகளில் மொழிபெயர்த்துக் கொடுப்பது அங்கே எனக்குக் கைச்செலவுக்கான வேலையாக அமைந்தது. அப்படித்தான் மதாம் கெர்லோவின் அலுவலகத்துக்கு என் பெயர் போயிருக்கிறது. கணவன் ஒரு நாட்டிலும் மனைவி வேறொரு நாட்டிலும் மாட்டிக்கொண்ட அகதிக் குடும்பங்களைப் பற்றி நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு அவர் அறிக்கை எழுத வேண்டும். கணவன்மார் பலரைப் பாரிஸில் பார்த்துவிட்டார். மனைவிமார் லண்டனில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலமும் கொஞ்சம்தான். அதனால் தமிழும் பிரெஞ்சும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

பாரிஸிலிருந்து கலே ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். வெளியே உழுத வயல்களும் செங்கல் ஊர்களும் ஒரே சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தன. மதாம் கெர்லோ தன் கதையைத் தானாகவே சொன்னார். வயது அறுபதை நெருங்குகிறது. பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு சிறிய மீன்பிடித் துறைமுகம் அவர் ஊர். அம்மாவுக்கு மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை. இவர் படித்துப் புவியியல் ஆசிரியை ஆனார். மாணவிகள் மாலையில் இருட்டில் வீடு திரும்பும் பாதைக்கு விளக்கு கேட்டு நகரசபைக்குப் போய் அலுத்து, கடைசியில் தானே தேர்தலில் நின்று உள்ளே போனார். விளக்கு வந்தது. பிறகு துணை மேயர் ஆனார்.

1984 ஐரோப்பியத் தேர்தலுக்குக் கட்சி பட்டியல் போட்டபோது மேற்குக் கரையிலிருந்து ஒரு பெண் பெயர் குறைந்ததாம். இவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பிரான்சில் இந்தத் தேர்தலுக்குத் தொகுதி கிடையாது. நாடு முழுவதற்கும் சேர்த்துக் கட்சி ஒரு பட்டியல் வெளியிடும், மக்கள் கட்சிக்கு வாக்குப் போடுவார்கள். வாக்கின் அளவுக்கு ஏற்பப் பட்டியலில் மேலே இருப்பவர்கள் உறுப்பினர் ஆவார்கள். கீழே இருப்பவர்கள் வீட்டுக்குப் போவார்கள். "எனவே என்னைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டால் நேர்மையான பதில், பாரிஸில் ஓர் அறையில் உட்கார்ந்திருந்த நான்கு பேர்" என்றார். 1989இலும் அவருக்கு நல்ல இடம் கிடைத்தது. அடுத்த தேர்தலுக்கு இன்னும் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்.

பகல் பன்னிரண்டரைக்குக் கப்பல் புறப்பட்டது. கலேயிலிருந்து டோவர் இருபத்தோரு மைல். கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி முடித்துவிட்டார்கள், சீக்கிரமே ரயில் ஓடும் என்று கப்பலில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். மேல்தளத்தில் காற்று அறைந்தது. உள்ளே வந்து எழுபது பென்ஸ் கொடுத்துத் தேநீர் வாங்கினோம். நான் இந்தியனா பிரெஞ்சுக்காரனா என்று அவர் கேட்டார். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தபோது விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார்கள். பெரியப்பா கையெழுத்துப் போட்டார், அப்பா போடவில்லை. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் பல காலம் இருந்தோம் என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சண்டை வந்ததா?" என்றார். தண்ணீர்க் குழாய்க்காக வந்தது, நாட்டுக்காக வரவில்லை என்றேன். நன்றாகச் சிரித்தார்.

டோவரில் எங்களைப் பிரித்தார்கள். ஐரோப்பிய சமூக நாட்டினர் ஒரு வரிசை, மற்றவர்கள் இன்னொரு வரிசை. மதாம் கெர்லோ நடந்த வேகம் குறையாமல் தாண்டிப் போனார். என் இந்தியக் கடவுச்சீட்டை அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். லண்டனில் என்ன வேலை, யார் வீடு, எப்போது திரும்புவேன், பாரிஸில் என்ன வருமானம் என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் சீக்கிரம் முடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எல்லைக் கோட்டுக்கு அப்பால் மதாம் கெர்லோ என் மேல்கோட்டையும் தன் பையையும் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருந்தார். பக்கத்தில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. நான் வெளியே வந்ததும், "மன்னிக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அங்கிருந்து ரயிலில் லண்டன் விக்டோரியா நிலையத்துக்கு வந்தோம்.

விக்டோரியா நிலையத்தில் அன்ரன் அண்ணை நின்றார். மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர், ஐம்பது வயதிருக்கும். ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றி இறக்கும் பகுதியில் ஷிப்ட் வேலை. மனைவிமாரை மதாம் கெர்லோ சந்திப்பதற்கான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் அவர்தான். ஹோட்டலில் அறை போடுவதாக மதாம் கெர்லோவின் அலுவலகம் சொன்னதை அவர் ஏற்கவில்லை. தன் பழைய காரில் எங்களை ஹவுன்ஸ்லோவுக்கு அழைத்துப் போனார். அவர் வீட்டுக் கூரைக்கு மேலேயே விமானங்கள் இறங்கின. ஒவ்வொன்று வரும்போதும் அன்ரன் அண்ணை பேச்சை நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது பழகியிருந்தது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சி கூடாது என்பதால் மீன்கறி. மதாம் கெர்லோ முள்ளைக் கையால் எடுத்துச் சாப்பிட்டதைப் பார்த்த பிறகு அன்ரன் அண்ணைக்குக் கூச்சம் போய்விட்டது. என்ன மீன், எந்த ஆழத்தில் கிடைக்கும், அங்கே என்ன வலை போடுவார்கள் என்று மதாம் கேட்க, அன்ரன் அண்ணை மேசை விரிப்பில் விரலால் வலையை வரைந்து காட்ட, நான் சாப்பிட நேரமில்லாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு டூட்டிங் புறப்பட்டோம். பாதாள ரயிலில் லண்டனை மேற்கிலிருந்து தெற்காகக் கடக்க வேண்டும். நடுவில் ஒரு மாற்றம், மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். டூட்டிங் பிராட்வேயில் படியேறி வெளியே வந்தால் காய்கறிக் கடை வாசலில் முருங்கைக்காயும் ராசவள்ளிக்கிழங்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்குள்ளே ஒரு பாட்டு, வெளியே இரட்டைத் தட்டுப் பேருந்துகள். ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் ரோல் தின்றோம். முருங்கைக்காய் வாரத்தில் இரண்டு தடவை விமானத்தில் வரும் என்று கடைக்காரர் சொன்னார். மதாம் கெர்லோ ஒரு காயைக் கையில் எடுத்து நீளம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

அங்கிருந்து யோகராணி வீட்டுக்குப் போனோம். ஒரு துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறை, சமையல் மூலை. யோகராணிக்கு முப்பது வயது. கணவர் அருள் 1987இல் லண்டனுக்கு என்று புறப்பட்டவர். அனுப்பி வைத்த ஏஜென்ட் பாரிஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கே அவர் வழக்கு இன்னும் முடியவில்லை, நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் வழக்கு போய்விடும். மூன்று வருடம் கழித்துப் பிள்ளையோடு கிளம்பிய யோகராணிக்கு வழி லண்டனில் முடிந்தது. இங்கே இருக்க அனுமதி உண்டு. கணவரை அழைக்க உரிமையில்லை. மகள் நிரோவுக்கு ஏழு வயது. தகப்பன் புறப்பட்டபோது கைக்குழந்தை. அன்று யோகராணி அதிகம் பேசவில்லை. தேநீர் தந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். நாளைக்குக் கூட்டத்திற்கு வருவீர்களா என்றதற்கு, "வாறன்" என்றார்.

ஞாயிறு பதினொன்றரை மணி. பூசை முடிந்து டூட்டிங் தேவாலயத்தின் பக்கத்துக் கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். லண்டனின் வடமேற்கே கிங்ஸ்பரியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், சைவர்களும் நிறையப் பேர். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். கணவன்மாரில் ஜெர்மனியில் ஒருவர், சுவிட்சர்லாந்தில் ஒருவர், மீதிப் பேர் பாரிஸில். மதாம் கெர்லோ யாரையும் இடைமறிக்கவில்லை. ஊர்ப் பெயர்களை மட்டும் என்னிடம் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கடைசியில் யோகராணி எழுந்தார். "நான் ஒண்டு கேக்கலாமோ? உங்கட அறிக்கை வந்தா அவருக்கு இங்கை வர ஏலுமோ?"

மொழிபெயர்த்தேன். மதாம் கெர்லோ உடனே, "முடியாது" என்றார். பிறகு விளக்கினார். நாடாளுமன்றம் தன் கருத்தைச் சொல்லும், அவ்வளவுதான். முடிவு எடுப்பது பன்னிரண்டு நாடுகளின் அமைச்சர்கள். தன் அறிக்கை அவர்களில் ஒருவரையும் கட்டுப்படுத்தாது.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். முன்வரிசையில் அன்ரன் அண்ணை என்னைப் பார்த்த பார்வையில், கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாமே தம்பி என்று இருந்தது. எனக்கும் ஒரு நொடி அந்த எண்ணம் வந்ததுதான். ஆனால் இருக்கிற நம்பிக்கையைவிடக் கூடுதலாக ஒரு சொல் சேர்க்க எனக்கு வாய் வரவில்லை.

யோகராணி உட்காரவில்லை. "அப்ப ஏன் வந்தனீங்கள்?" என்றார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மதாம் கெர்லோ நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். இருவரும் நின்றபடி பேசினார்கள், நடுவில் நான். "நான் முதல் ஐந்து வருடமும் மீன்பிடிக் குழுவில் இருந்தேன். குஞ்சு மீன் தப்பிப் போகும்படி வலைக்கண் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினேன். என் ஊர் மீனவர்கள் என் வீட்டுக் கதவில் கெட்ட வார்த்தை எழுதினார்கள். நாடாளுமன்றத்தில் பாதிப் பேர் தூங்கினார்கள். நிறைவேறியது, ஒன்றும் நடக்கவில்லை. சில வருடம் கழித்து மீன் குறைந்துபோய், ஓர் அமைச்சருக்கு அவசரமாக ஒரு சட்ட வாசகம் தேவைப்பட்டது. எழுத நேரமில்லை. என்னுடையதைத் தேடி எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். அதனால்தான் வந்தேன். எழுதி வைக்கத்தான் என்னால் முடியும். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் விஷயத்தில் தேவைப்படாமலே போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

யோகராணி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப நான் சொல்லுறன், எழுதுங்கோ" என்றார். "பள்ளிக்கூடத்திலை குடும்பப் படம் கீறச் சொன்னவை. இவள் என்னைக் கீறி, தன்னைக் கீறி, தகப்பனை வேற ஒரு தாளிலை கீறிக் கொண்டுவந்து வைச்சாள். ஏன் பிள்ளை எண்டு கேட்டன். அவர் வேற நாட்டிலை எல்லோ எண்டாள்."

நான் மொழிபெயர்த்தேன். மதாம் கெர்லோ எழுதினார்.

மதியம் ஹவுன்ஸ்லோ திரும்பியபோது பாரிஸிலிருந்து இரண்டு தடவை தொலைபேசி வந்ததாக அன்ரன் அண்ணையின் மனைவி சொன்னார். மூன்றாவது தடவை மணி அடித்தபோது மதாம் கெர்லோவே எடுத்தார். தொலைபேசி நடைக்கூடத்தில், கோட்டுகள் மாட்டும் இடத்துக்குக் கீழே இருந்தது. அவர் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார். கதவு திறந்திருந்ததால் அவர் பக்கத்துப் பேச்சு எங்களுக்குக் கேட்டது. பெரும்பாலும் "ஆமாம், புரிகிறது" என்பதுதான். ஒரு தடவை மட்டும், "பதினான்காவது பத்தி இல்லாவிட்டால் மீதியை யார் வேண்டுமானாலும் எழுதலாமே" என்றார். விமானம் ஒன்று இறங்கியது. அதன் பிறகு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

நான்கு மணி அளவில் அன்ரன் அண்ணை எங்களை ரிச்மண்டுக்கு, தேம்ஸ் கரைக்கு அழைத்துப் போனார். ஹவுன்ஸ்லோவிலிருந்து நான்கு மைல் இருக்கும். வெயில் வந்திருந்தது. மஞ்சள் டாஃபடில் பூக்கள் கரையெங்கும். ஆற்றில் மெல்லிய நீளப் படகுகளில் துடுப்புப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் மதாம் கெர்லோ விஷயத்தைச் சொன்னார். அறிக்கையின் வரைவில் பதினான்காவது பத்தி இதுதான்: குழந்தை எந்த நாட்டில் பள்ளிக்குப் போகிறதோ, அந்த நாட்டில் பெற்றோர் இருவரும் சேர்ந்து வாழ அனுமதிக்க வேண்டும். தேர்தல் வருகிற நேரத்தில் குடியேறுகிறவர்களுக்கு ஆதரவாக இப்படி ஒரு வரி கட்சியின் பெயரில் வருவதை மேலிடம் விரும்பவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்களாம். எடுத்துவிட்டால் பட்டியலில் பழைய இடம் உண்டு. எடுக்காவிட்டால் இல்லை.

நான் அன்ரன் அண்ணைக்குச் சொன்னேன். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவவைக் கேளுங்கோ தம்பி. அவவுக்கு அந்த வேலை பிடிக்குமோ?" என்றார்.

மதாம் கெர்லோ இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "மிகவும் பிடிக்கும்" என்றார். மாதத்தில் ஒரு வாரம் நாடாளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பூர், மற்ற நாட்களில் பிரஸ்ஸல்ஸ், ஒன்பது மொழிகளில் எல்லோரும் எல்லோரையும் தவறாகப் புரிந்துகொண்டு பிறகு மெதுவாகச் சரியாகப் புரிந்துகொள்வது, எல்லாம் பிடிக்கும். ஊரில் காத்திருப்பது ஒரு காலி வீடுதான், கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். காற்று குளிர்ந்துதான் இருந்தது.

"அப்ப கஷ்டம்தான்" என்றார் அன்ரன் அண்ணை. பத்தியை வையுங்கள் என்றோ எடுங்கள் என்றோ அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை விக்டோரியாவில் ரயில் ஏறினோம். டோவர் வரும்வரை மதாம் கெர்லோ அறிக்கையின் பக்கங்களை மடியில் வைத்துத் திருத்தினார். கப்பலில் பதினான்காவது பத்தியை என்னிடம் வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லும் குறையவில்லை. கீழே நிரோ வரைந்த படத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தார், பெயர் இல்லாமல். "குழப்பம் இல்லாமல் புரிகிறதா?" என்று கேட்டார். புரிகிறது என்றேன்.

அறிக்கை கோடையில் நிறைவேறியது. அமைச்சர்கள் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பட்டியலின் அடிப்பகுதியில் அவர் பெயர் இருந்தது. பத்து வருட ஐரோப்பிய அரசியல் அப்படி முடிந்தது. அவர் ஊருக்குத் திரும்பி, மறுபடி நகரசபையில் ஓர் இடம் பிடித்து, பள்ளிகளின் மதிய உணவைப் பார்த்துக்கொள்கிறார் என்று புத்தாண்டு வாழ்த்தில் எழுதியிருந்தார். கேரட்டைப் பிள்ளைகள் தொடுவதே இல்லையாம்.

1997 அக்டோபரில் ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்காகப் பாரிஸ் வந்தவன் இரண்டு நாள் லண்டனுக்குப் போனேன். இந்தத் தடவை கடலுக்கு அடியில், மூன்று மணி நேரத்தில் வாட்டர்லூ. அங்கிருந்து நேராக டூட்டிங். கதவைத் திறந்தவர் அருள்.

முந்தின வருடம்தான் அவருக்கு அனுமதி கிடைத்தது என்றார் யோகராணி. தங்கள் வழக்கறிஞர் விண்ணப்பத்தோடு மதாம் கெர்லோவின் அறிக்கையில் ஒரு பக்கத்தையும் இணைத்தாராம். அதனால்தான் கிடைத்ததா என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியும் அண்ணை? அவை காரணம் எழுதேல்லை. தரலாம் எண்டு மட்டும் எழுதினவை" என்றார்.

வந்த பிறகும் சுலபமாக இருக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு வாயில் ஆங்கிலம்தான் வரும், தமிழ் கேட்டால் புரியும். அருளுக்குத் தமிழும், பாரிஸ் சமையலறைகளில் ஒன்பது வருடம் பாத்திரம் கழுவிப் பழகிய பிரெஞ்சும். பல மாதம் இருவரும் ஒரே அறையில் விருந்தாளிகளைப் போல நடந்துகொண்டார்கள் என்றார் யோகராணி. அந்தச் செப்டம்பரில்தான் நிரோ உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். அங்கே பிரெஞ்சு கட்டாயப் பாடம்.

நான் போனபோது இருவரும் மேசையில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். அருள் ஒரு வாக்கியம் சொன்னார். நிரோ புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, "அப்பா, புக்ல அப்பிடி இல்லை" என்றாள். பாரிஸில் அப்படித்தான் கதைப்பார்கள் என்றார் அருள். இருவரும் தீர்ப்புக்காக என்னைப் பார்த்தார்கள். இரண்டும் சரி என்றேன்.

மதாம் கெர்லோவோடு பேச வேண்டும் என்று அருள் கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. எண்ணைச் சுழற்றிக் கொடுத்தேன். அருள் நன்றி என்று ஆரம்பித்துத் தடுமாறினார். எதிர்முனையில் ஏதோ நீளமாகச் சொல்வது கேட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார், தொலைபேசியில் அது தெரியாது என்பதையும் மறந்து. பிறகு ரிசீவரை மகளிடம் கொடுத்து, "ஏதாவது கதை" என்றார்.

நிரோவுக்கு முதல் பாடத்து வாக்கியங்கள்தான் தெரியும். நிமிர்ந்து நின்று ஒப்பித்தாள். என் பெயர் நிரோ. எனக்குப் பதினொரு வயது. நான் லண்டனில் என் அம்மாவோடும் என் அப்பாவோடும் வசிக்கிறேன்.

எதிர்முனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். கொஞ்சம் பொறுத்து மதாம் கெர்லோவின் குரல் வந்தது. உச்சரிப்பு போதாது, கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை, மெதுவாகச் சொல் என்றார். நிரோ சொன்னாள்.